புல்தரையில் ஆட்டுக்கிடை

ராயப்பனுக்கு அந்த வேலையில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அது உட்கார்ந்து செய்கிற வேலை.

அதற்கு முன்னால் கூட்டேரிப்பட்டுக்கு அந்தாண்டை ஒரு கல்குவாரியில் சம்மட்டி அடித்தான். சம்மட்டி மேலே போகும்போது முதுகு ஒரு பக்கம் போகும். கீழே வரும்போது இடுப்பு இன்னொரு பக்கம் போகும். சாயங்காலம் இரண்டையும் தேடிப் பிடித்து, ஒன்றாகச் சேர்த்து, வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அதற்கும் முன்னால் மூட்டை தூக்கினான், கரும்பு வெட்டினான், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கினான். எல்லாமே நின்றோ குனிந்தோ செய்கிற வேலைகள். மறந்துபோய் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால் மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் பதறும். வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடி வருவார்.

இப்போது திண்டிவனத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற கிருஷ்ணசாமி முதலாளியின் புது வீட்டில் அவனுக்கு வேலை. வீட்டு முன்வாசலில் ஒரு புல்தரை. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புல்லோடு புல்லாக முளைக்கிற கோரையைப் பிடுங்குவான். அங்கே முடிந்ததும் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைப்பான். அன்றைய நடை அவ்வளவுதான்.

"எங்க வூட்டுக்காரரு இப்ப உக்காந்துகினே சம்பாதிக்கிறாரு" என்று அவன் மனைவி சவுரியம்மாள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவன் ஏதோ தாலுகா ஆபீசில் சேர்ந்துவிட்டான் என்று நம்பி, ஒரு கிழவர் பட்டா மாற்ற மனுவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ராயப்பன் அவரை அனுப்பி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலாளி புல் வளர்த்த கதை தனி. அவர் மகளை விழுப்புரத்தில் வெங்கடாசலம் என்கிறவர் வீட்டில் கொடுத்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது அந்தச் சம்பந்தி வீட்டு வாசலில் பச்சைப் பசேலென்று புல்தரை. அதில் பிரம்பு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். கிருஷ்ணசாமிக்குக் காப்பி இறங்கவில்லை.

"மாடும் மேய்க்கல, ஆடும் மேய்க்கல. சும்மா கண்ணால பாக்கறதுக்குன்னு ஒருத்தன் புல்லு வளக்குறான்னா, அவன் எவ்ளோ பெரிய ஆளா இருக்கணும்!" என்று திரும்பி வரும்போது பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி மனைவி ராஜாமணியிடம் சொன்னார்.

"அந்த எடத்துல நான் கொத்தமல்லி வெதைக்கலாம்னு இருந்தேன்" என்றாள் ராஜாமணி.

"சம்பந்தி கொத்தமல்லி மேலயா உக்காந்து காப்பி குடிக்கிறாரு?"

அந்த வாரமே புல் வந்து இறங்கியது. புல்லோடு ராயப்பனும் வந்து இறங்கினான்.

மார்கழி, தை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மாசியில் புல் சோர்ந்தது. பங்குனியில் நுனி பழுத்தது. சித்திரை பிறந்ததும் ஓரமெல்லாம் காய்ந்து, நரைத்துப்போன தலையில் அங்கங்கே மையடித்த மாதிரி இருந்தது. புதுமனை புகுவிழாவோ வைகாசியில். விழுப்புரத்துச் சம்பந்தி குடும்பத்தோடு வருகிறார்.

முதலாளி புல்லைப் பார்த்தார். புல் மேல் உட்கார்ந்திருந்த ராயப்பனைப் பார்த்தார்.

"ராயப்பா, சம்பந்தி வர்ற அன்னிக்கு இது பச்சையா இருக்கணும். இல்லன்னா நீ மறுபடியும் குவாரிக்கே போயிடு. உக்காந்து உக்காந்து நீயும் அழுத்தினா புல்லு எப்படிடா எழுந்திருக்கும்?"

ராயப்பனுக்கு இடுப்பில் சுரீரென்றது. குவாரி என்ற பேரைக் கேட்டாலே அந்த எலும்பு முதலில் பதில் சொல்லும்.

இரண்டு பேரும் மார்க்கெட் ரோட்டு உரக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சீனுவாசன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சித்திரையில் உரம் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

"புல்லுக்கா? இப்பவா?" என்று விசிறியைக் கீழே வைத்தார். "புல்லே பாதி உசுரா மூச்சை அடக்கிக்கினு படுத்திருக்குது. இப்பப் போயி உரம் போட்டா எப்படி? ஜூரத்துல கெடக்கறவன் வாயில பிரியாணியத் திணிக்கிற மாதிரி."

"அப்ப எப்பதான் போடறது?"

"மழை பேஞ்சி பூமி நனையணும். புல்லு தானா துளுத்து, வாரா வாரம் வெட்டற அளவுக்கு வளரணும். அப்ப போடுங்க, வாங்கிக்கும். ஆடி ஆவணியில ஒரு தரம். அடைமழைக்கு முன்னாடி இன்னொரு தரம். மழை கொட்டறப்ப போட்டா எல்லாம் சாக்கடையிலதான் போய்ச் சேரும். போட்ட ஒடனே தண்ணி காட்டணும். சித்திரை வெயில்ல யூரியா எறைச்சீங்கன்னா புல்லு வெந்து போயிடும் மொதலாளி. நான்தான் விக்கிறேன், நானே வேணாங்கறேன்."

"சம்பந்தி வைகாசியில வர்றாருய்யா. ஆடி வரைக்கும் அவரை வாசல்லயே நிக்க வெக்கட்டுமா?"

சீனுவாசன் விசிறியை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் முதலாளி மேம்பாலத்தண்டை வந்ததும் சட்டென்று நின்றார்.

"இவன் இன்னாடா பேசறான்? எரு அடிக்கிற மாசமே சித்திரைதானே? எங்க கொல்லையில மல்லாட்டை எடுத்த ஒடனே சித்திரையில கிடை போடுவோம். ஆடியில வெதைச்சா சும்மா பிச்சிக்கினு வரும். வருசா வருசம் பாக்கறேன்!"

அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அறுவடை முடிந்து சும்மா கிடக்கிற கொல்லையில் ராத்திரிக்கு ஆட்டு மந்தையை அடைத்துப் படுக்க வைத்தால் அதற்குப் பேர் கிடை. ஆடு போடுகிற புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. ராயப்பனும் அதை எத்தனையோ கொல்லையில் பார்த்தவன்தான். அதனால் தலையை ஆட்டினான். பாதி ஆட்டும்போதுதான் ஒன்று தோன்றியது.

"மொதலாளி... கொல்லையில அப்ப பயிர் இருக்காதுங்களே. இங்க புல்லுதானே பயிரு? ஆடு அத்தத் தின்னுடாதுங்களா?"

"அறிவு கெட்டவனே, ஆடு பகல்ல மேயும், ராத்திரியில படுக்கும். நீ ராத்திரி எழுந்து சோறு தின்னுவியா?"

இருந்தால் தின்பான். அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் ஆட்டுக்காரன் கண்ணையனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவன் தோளில் கம்பளி, கையில் கோல். புல்தரையை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். பிறகு ராயப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாப்பா, ஒங்க மொதலாளிக்கு ஒடம்பு ஒண்ணும் இல்லியே?" என்றான்.

"ஒடம்பு நல்லாதான் இருக்குது. சம்பந்தி வர்றாரு."

"ஓ" என்றான் கண்ணையன். அவனுக்கும் சம்பந்தி உண்டு போலிருக்கிறது. அதற்கு மேல் கேட்கவில்லை. முதலாளியிடம் வந்து உறுதியாகச் சொன்னான்: "எங்க ஆடு பகலெல்லாம் ஏரிக்கரை சீமைக்கருவேலங்காயா தின்னு வயிறு பொடைச்சிதான் வரும். வந்த ஒடனே படுத்துக்கும். புல்லைத் திரும்பிக்கூடப் பாக்காது."

ராயப்பனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஆட்டுக்கு வயிறு நிறைந்தது என்று எந்த ஆடு வந்து சொன்னது? புல் போனால் அவன் உட்காருகிற இடமே போயிற்று. அன்றைக்கு அவன் சோறு பிசைந்துகொண்டே யோசித்தான். அப்போதுதான் நெல் போரடிக்கிற மாடு ஞாபகத்துக்கு வந்தது. கதிரைத் தின்னாமலிருக்க அதன் வாயில் வாய்க்கூடை கட்டுவார்களே!

"சவுரி, ஆட்டுக்கு வாய்க்கூடை தைக்கணும்."

சவுரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தினி ஆட்டுக்கு?"

"மந்தைக்கு."

"மந்தைக்குமா! அப்பிடியே ஒனக்கும் ஒண்ணு தெச்சி வெக்கிறேன். ராத்திரியில இந்த மாதிரி யோசனையெல்லாம் வெளிய வராது பாரு."

திட்டிக்கொண்டேதான் கோணி ஊசியை எடுத்தாள். மில்லின் பின்பக்கம் கிழிந்த கோணிப்பைகள் குவியலாகக் கிடந்தன. ராயப்பன் ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் வெட்டி, மடித்து, சணல் கோத்து, ஆட்டு மூஞ்சிக்கு அளவாகப் பை பையாகத் தைத்தார்கள். முதல் பையைச் சரிபார்க்க ராயப்பன் தன் வாயிலேயே கட்டிப் பார்த்தான். பொருத்தமாக இருந்தது. வாசனைகூட நன்றாக இருந்தது. அந்த நல்ல வாசனை எங்கிருந்து வருகிறது என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தூக்கம் வந்தது.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் மந்தை வந்தது. புது வீட்டு இரும்பு கேட் வழியாக ஆடுகள் நெரித்துக்கொண்டு உள்ளே புகுந்தன. முதலாளி மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ராஜாமணி பக்கத்தில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

ராயப்பனும் கண்ணையனும் ஒவ்வோர் ஆடாகப் பிடித்து வாய்க்கூடை கட்ட ஆரம்பித்தார்கள். முதல் ஆடு சாதுவாகக் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவதும் நின்றது. ராயப்பன் மூன்றாவதைத் துரத்திப் பிடித்துத் திரும்பிப் பார்க்கும்போது, முதல் ஆட்டின் வாய்க்கூடையை வேறு இரண்டு ஆடுகள் இழுத்து மென்றுகொண்டிருந்தன.

"யோவ் கண்ணையா! உன் ஆடு கோணி தின்னுதுய்யா!"

கண்ணையன் ஒரு பையை வாங்கி மோந்து பார்த்தான். "ராயப்பா, இது இன்னா கோணி?"

"மில்லு கோணி."

"மில்லுல இன்னா போட்டு வெச்ச கோணி?"

ராயப்பனும் மோந்து பார்த்தான். மல்லாட்டைப் பிண்ணாக்கு. ஆட்டுக்கு அது கல்யாண விருந்து.

அதற்குப் பிறகு கட்டு என்பதே இல்லாமல் போயிற்று. ஒரு ஆட்டுக்குக் கட்டினால் நாலு ஆடு சூழ்ந்துகொண்டது. கட்டப்பட்ட ஆடு பயந்து ஓடியது. அது ஓட, மற்றவை துரத்த, கண்ணையன் கோலோடு ஓட, ராயப்பன் சணலோடு ஓடினான். ஒரு கிடா ராயப்பன் தோளில் தொங்கிய மிச்சப் பைகளை மொத்தமாகக் கவ்விக்கொண்டு போர்ட்டிகோவில் ஏறி நின்று நிதானமாகத் தின்றது.

மாடியிலிருந்து முதலாளி கத்தினார். "ராயப்பா! ஜல்தி பிடிடா! இன்னாடா ஆட்டோட வெளையாடிக்கினு இருக்கிற?"

"அதுங்கதான் மொதலாளி என்னோட வெளையாடுதுங்க!"

ராஜாமணி மூக்கை மூடியிருந்த முந்தானையை வாய்க்கு மாற்றிக்கொண்டாள். சிரிப்பு வெளியே தெரியக்கூடாதே!

ஒரு வழியாக இருட்டுவதற்குள் எல்லா வாய்க்கூடையும் தீர்ந்துபோய் ஆடுகள் படுத்தன. புல்லை ஒன்றும் தொடவில்லை. "பாத்தியா? நான்தான் சொன்னேனே" என்று கண்ணையன் புல்தரை நடுவில் கம்பளியை விரித்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு மல்லாந்து படுத்தான். ராயப்பன் நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

பிண்ணாக்கு தின்றால் ஆட்டுக்குப் பசி அடங்காது, கிளம்பும் என்பது அவனுக்குத் தெரியாது.

விடிந்து வந்து பார்த்தபோது மந்தை போய்விட்டிருந்தது. கூடவே புல்லும். பழனிக்குப் போய் வந்த தலை மாதிரி தரை மழுமழுவென்று இருந்தது. மேலே கறுப்பாக, வாரி இறைத்த மாதிரி புழுக்கை. நட்ட நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. தலை, அகட்டிய இரண்டு கை, அகட்டிய இரண்டு கால். கண்ணையன் படுத்திருந்த இடம்.

முதலாளி அந்தப் பச்சை ஆளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அந்தாளையே தினம் வந்து படுக்கச் சொன்னா என்னங்க?" என்றாள் ராஜாமணி.

"நீ உள்ள போ." பிறகு ராயப்பன் பக்கம் திரும்பினார். "உனக்கு வைகாசி வரைக்கும்தான் டைம். பச்சை வரல, நீ இருக்கமாட்ட."

யார் யோசனை, யார் ஆடு என்றெல்லாம் அவர் பேசவில்லை. முதலாளிகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ராயப்பன் தண்ணீர் இறைத்தான். கிணற்றுக்கும் தரைக்குமாகக் குடம் குடமாகச் சுமந்தான். உட்காருகிற வேலை போய் ஓடுகிற வேலையாகிவிட்டது. வெயிலோ ஏறிக்கொண்டே போனது. ஊற்றிய தண்ணீர் 'சுர்' என்று சத்தம் போட்டுவிட்டு மறைந்தது. இடுப்பு பழையபடி பேச ஆரம்பித்தது.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் மயிலம் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து கோடை மழை கொட்டியது. இடி இடித்து, காற்றடித்து, புதுவீட்டுப் பந்தக்காலையே சாய்த்துவிட்டுப் போனது. அதற்கடுத்த வாரமும் ஒரு மழை. தரையில் லேசாகப் பச்சை தெரிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு பார்க்கப் பார்க்க ஏறியது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் பச்சைக் கம்பளம்!

ராயப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஆசையோடு போய், அந்தப் பச்சையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கிட்டத்தில் பார்த்தான். அடியில் புல் ஊசி ஊசியாகத் துளிர்த்திருந்தது. அது கொஞ்சம்தான். மேலே மூடியிருந்த பச்சை புல் இல்லை. மெல்லிய தண்டு. இரண்டு பக்கமும் சீப்பு மாதிரி பொடிப்பொடி இலை. ஆடு தின்ற கருவேலங்காய்க் கொட்டை முழுசாக வெளியே வந்து, எருவிலேயே கிடந்து, மழையில் முளைத்திருந்தது. முதலாளி வாசல் முழுக்கச் சீமைக்கருவேலங்காடு. இப்போதைக்கு விரல் உயரம்.

ஓடிப்போய்ச் சொன்னான். "மொதலாளி, மோசம் போச்சு. அது புல்லு இல்ல, வேலிகாத்தான் முள்ளு!"

முதலாளி அப்போது பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

"பச்சையா இருக்குதா?"

"பச்சையாதாங்க..."

"முள்ளு குத்துதா?"

"இன்னும் மொளைக்கலீங்க. குஞ்சு."

"அப்ப வாயை மூடிக்கினு போ."

விழாவன்று விழுப்புரத்திலிருந்து அம்பாசடர் காரில் சம்பந்தி வெங்கடாசலம் வந்து இறங்கினார். ராயப்பன் வாழைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். சம்பந்தி வாயைத் திறப்பதைப் பொறுத்துத்தான் நாளைக்கு அவன் கையில் சம்மட்டியா இல்லையா என்பது.

வெங்கடாசலம் வீட்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு, பட்டுப்பாயில் நடக்கிற மாதிரி நாலடி நடந்தார்.

"சம்பந்தி, இது இன்னா ரகம்? எலையெல்லாம் சிறுசா, மயிலிறகாட்டம் இருக்குதே!"

கிருஷ்ணசாமி ஒரு நொடிகூடத் திணறவில்லை. "பெங்களூரு ரகங்க. எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"எரு எப்ப போட்டீங்க?"

"சித்திரையில."

வெங்கடாசலம் நெஞ்சில் கை வைத்தார். "நானும் சித்திரையிலதானே போட்டேன்! கிரகப்பிரவேசத்துக்கு நாங்க வந்துட்டுப் போனா, பதிலுக்கு நீங்க எங்க வூட்டுக்கு வருவீங்கன்னு நடுமத்தியானத்துல நானே நின்னு மூட்டை யூரியாவ எறைச்சேன். மூணாம் நாளு பாத்தா மொத்தமும் வறுத்த கடலையாட்டம் செவந்து போச்சு. இப்ப வாசலைத் தாண்ட வெக்கமா இருக்குது சம்பந்தி."

கிருஷ்ணசாமியின் முகம் அன்றைக்குப் போல என்றைக்கும் மலர்ந்ததில்லை. பெண் கல்யாணத்தில்கூட இல்லை.

"இந்தப் புல்லு நாத்து கொஞ்சம் எனக்கும் வேணும். அப்படியே இத்தப் பாத்துக்கற ஆளையும் விழுப்புரத்துக்கு அனுப்பி வெய்யுங்க. நான் வெச்சிக்கறேன்."

ராயப்பனுக்கு வாழைமரம் ஆடியது. அவன்தான் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நாத்து எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கினு போங்க" என்றார் கிருஷ்ணசாமி பெருந்தன்மையாக. "ஆளை மட்டும் கேக்காதீங்க. அவன் கை படலன்னா இந்தப் புல்லு ஒரு நாளு தாங்காது. நான் இருக்கற வரைக்கும் அவன் இங்கதான்."

பந்தல் முழுக்கக் கேட்டது. ஊரார் முன்னால் சொன்னதை இனி அவரால் மாற்ற முடியாது. பந்தியில் ராஜாமணி ராயப்பன் இலையில் இரண்டாவது லட்டு வைத்துவிட்டுப் போனாள். சம்பந்தி போகும்போது கார் டிக்கியில் ஈரச்சாக்கு சுற்றி, வேரோடு மண்ணோடு கருவேலங்கன்றுகள் விழுப்புரத்துக்குப் போயின. நல்லா எரு வைத்து வளர்ப்பார். ராயப்பன் அதைப் பற்றி நினைக்காமலிருக்கப் பார்த்தான்.

விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிய பிறகு முதலாளி அவனைக் கூப்பிட்டு, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "நாளையிலருந்து இத்த ஒண்ணொண்ணா பிடுங்கு. புல்லு தெரியணும், முள்ளு தெரியக்கூடாது. உரம் கிரம்னு ஆடி வரைக்கும் எவன் பேச்செடுத்தாலும் வெளிய அனுப்பு."

ராயப்பன் பிடுங்க ஆரம்பித்தான். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்த தூறலுக்கு இரண்டு வந்தது. மந்தை தாராள மனசோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. குஞ்சாக இருந்த முள்ளும் சும்மா இருக்கவில்லை. வைகாசி முடிவதற்குள் மூக்கு முளைத்து, நுனி கறுத்து, விறைத்துக்கொண்டது.

ஒரு காலையில் அவன் வழக்கம்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். வேட்டியைப் பின்னால் தடவி ஒரு முள்ளைப் பிடுங்கினான். அந்தாண்டை போய்ப் பார்த்தான், அங்கேயும் முள். இந்தாண்டையும் அதே. குனிந்து பிடுங்கலாம் என்றால் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நடுவாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

மாடியிலிருந்து முதலாளி பார்த்துவிட்டார். மில்லே நின்றுபோன மாதிரி பதறிக்கொண்டு கத்தினார்:

"டேய் ராயப்பா! இன்னாடா சும்மா நின்னுகினு இருக்கிற? உக்காந்து வேலையைப் பாருடா!"

பிறந்ததிலிருந்து ராயப்பனிடம் எந்த முதலாளியும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஏசுவே என்று, உட்கார்ந்தான்.